“எனக்கு ஒண்ணுமில்ல” என்பவரோடு எப்படிப் பேசுவது

இந்த அத்தியாயத்தை நேராகப் புரட்டி வந்திருக்கிறீர்கள் என்றால், வீட்டில் சண்டை ஏற்கெனவே ஒரு சுற்று முடிந்திருக்கும். “ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாங்க” என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். “பைத்தியம் எனக்கா, உனக்கா?” என்று பதில் வந்திருக்கும். அப்புறம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்.

இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது எல்லாரும் பைபோலார் என்று சொல்வது, எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று முன்னால் பார்த்துவிட்டோம். இங்கே விஷயம் ஒன்றுதான். துணைக்கு அது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்வது?

முதல் வேலையாக, நோய் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை வாபஸ் வாங்குங்கள். அதில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. ஜெயித்தாலும் அவர் மாத்திரை போடப்போவதில்லை. அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பேச்சைத் தொடங்குவதுதான் வழி. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பேசுவோம். கற்பனைக் குடும்பம்தான், பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் அடுக்கியிருக்கிறேன். சிவகாசிப் பக்கம். கணவர் சொந்தமாக அச்சகம் நடத்துகிறார், மனைவி பள்ளி ஆசிரியை. காலண்டர் சீசன் நெருங்கும்போது அவருக்கு ஒரு வேகம் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கணக்கு நோட்டை விரிப்பார். மூன்று மணிக்கு மெஷின் டீலருக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் போவது பக்கத்து அறையில் கேட்கும். இரண்டாவது ஆஃப்செட் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து ஒரு கிலோ அல்வாவோடு நிற்பார். சீட்டுப் பணம் போயிருக்கும், நகை அடகுக்குப் போயிருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். அச்சக ஷட்டர் இறங்கியிருக்கும். குளிக்கச் சொன்னால் அழுகை வரும்.

எதற்காக மறுக்கிறார்?

மறுப்பு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதன் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். காரணம் தெரியாமல் பேசினால் பேச்சு வீண்.

மனநிலை மேலே ஏறியிருக்கும்போது அவருக்கு நோய் என்ற உணர்வே இருக்காது. பிடிவாதம் என்று அதை நினைக்க வேண்டாம். தன் நிலையைத் தானே எடைபோடும் திறன் மங்கிப்போவது நோயின் ஒரு பகுதி. வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்புகிறார். கீழே இறங்கியிருக்கும்போது கதை வேறு. “என்ன செஞ்சாலும் சரியாகாது, எதுக்குச் செலவு” என்பார். இது மறுப்பு மாதிரி தெரிந்தாலும் உண்மையில் அயர்ச்சி. இந்த நேரத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் பெரும்பாலும் வந்துவிடுவார்.

நடுவில், தெளிவாக இருக்கும் மாதங்களில் வரும் மறுப்பைத்தான் நாம் சரியாகக் கேட்பதில்லை. முன்பு போட்ட மாத்திரையில் கை நடுங்கியிருக்கும். அச்சுத்தாளின் விளிம்பைப் பார்த்து வைக்கிறவருக்கு அது சின்ன விஷயமல்ல. எடை கூடியிருக்கும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்திருக்கும், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அந்த வேகமான நாட்களின் சுகம் போய்விடுமே என்ற ஏக்கமும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஊர் வாய். “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இன்னும் அவ்வளவு பலம் இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கிய மருத்துவமனை. அதன் பெயரே வசைச்சொல்லாகிப் போனதற்கு நம் சினிமாவும் ஒரு காரணம். நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது பிரிஸ்கிரிப்ஷன் பேச்சுக்கு வந்துவிடுமோ என்று பயப்படுகிறவரிடம் மூளை ரசாயனத்தைப் பற்றி வகுப்பெடுத்துப் பயனில்லை.

எனவே முதலில் கேளுங்கள். “போன தடவை அந்த மாத்திரை போட்டப்ப என்னதாங்க பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது கடினம். ஆசிரியைகளுக்கு இன்னும் கடினம்.

பேச்சை எங்கே தொடங்குவது

அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர், மனச்சிதைவு நோயோடு வாழ்ந்த தன் சகோதரரோடு பல ஆண்டுகள் வாதாடிப் பார்த்தவர். வாதம் பயன்படாது என்று கண்டு, 2000-ல் குடும்பங்களுக்காக ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொன்ன முறையின் சாரம் எளிது: காதுகொடுத்துக் கேள், அவர் படும் பாட்டைப் புரிந்துகொண்டதைக் காட்டு, இருவரும் ஒத்துப்போகும் ஒரு புள்ளியைக் கண்டுபிடி, அந்த ஒன்றில் மட்டும் சேர்ந்து வேலை செய்.

நம் வீடுகளில் அந்தப் புள்ளி பெரும்பாலும் தூக்கம்தான். தூக்கம் வரவில்லை என்று டாக்டரைப் பார்ப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. இந்த நோயில் தூக்கம் கெடுவது அறிகுறி மட்டுமல்ல, அடுத்த ஏற்றத்தைக் கிளப்பிவிடும் காரணமும்கூட. ஆகவே தூக்கத்தைச் சொல்லி அழைப்பது ஏமாற்று வேலை அல்ல.

அந்த மனைவி இப்படிச் சொல்லலாம்: “ஏங்க, நாலு நாளா மூணு மணிக்கே எந்திரிச்சிடுறீங்க. பகல்ல கண்ணு எரியுதுன்னு நீங்களேதான் சொன்னீங்க. தூக்கத்துக்கு மட்டும் ஒருத்தரைப் பார்த்துட்டு வரலாமா? நானும் கூட வர்றேன்.” இதில் பைபோலார் என்ற சொல் இல்லை, பழைய கணக்கு இல்லை. “உங்களால நான் படுற பாடு” என்பதும் இல்லை. அது உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல இது நேரமல்ல.

“பார்க்கலாம்” என்று அவர் சொன்னால் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு அன்றோடு நிறுத்திவிடுங்கள். “போ, டீச்சரம்மா பாடம் எடுக்க வந்துட்டா” என்றால் அதற்கும் நிறுத்திவிட்டு, நான்கைந்து நாள் கழித்து மறுபடி தொடங்குங்கள். ராத்திரியில், குடித்திருக்கும்போது, அத்தை மாமா முன்னால், பிள்ளைகள் முன்னால் பேசவே வேண்டாம். உறவுக்காரர்கள் ஆறேழு பேர் கூடத்தில் உட்கார்ந்து நடுவில் அவரை உட்காரவைத்துச் செய்யும் பஞ்சாயத்து, நான் கேள்விப்பட்டவரை, ஒரு வீட்டிலும் நல்லபடியாக முடிந்ததில்லை.

ஒரே ஒரு மூன்றாம் ஆள் உதவலாம். மச்சான் என்றால் உங்கள் கட்சி என்று ஒதுக்கிவிடுவார். அவர் மதிக்கிற ஆள் வேண்டும்: அவருடைய தாய்மாமா, அச்சகத்தில் இருபது வருஷமாக இருக்கும் ஃபோர்மேன், சின்ன வயதிலிருந்து ஊசி போட்ட குடும்ப டாக்டர். குடும்ப டாக்டரிடம் போவதில் இன்னொரு நன்மை உண்டு. தைராய்டு கோளாறும் மனநிலையைப் புரட்டிப்போடும். அந்த ரத்தப் பரிசோதனை எப்படியும் செய்ய வேண்டியதுதான். அவர் எழுதிக்கொடுக்கும் ஒரு சீட்டில் மனநல மருத்துவரிடம் போவது பலருக்கு எளிதாக இருக்கிறது.

அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள்

மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ நீங்கள் தனியாகப் போய்ப் பேசலாம். ஆளைப் பார்க்காமல் அவருக்கு மருந்து எழுத மாட்டார்கள். ஆனால் எதைக் கவனிப்பது, எப்போது அவசரம், எப்படி அழைத்துவருவது என்று சொல்வார்கள். கட்டணம் யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. எந்நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.

போகும்போது பழைய டைரி ஒன்றில் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், அந்த வாரம் என்ன செலவு, சாப்பாடு எப்படி என்ற நான்கு விவரம் போதும். “ரொம்ப மோசமா இருக்காரு டாக்டர்” என்பதைவிட “செவ்வாயிலிருந்து மூணு மணி நேரத்துக்கு மேல தூங்கல, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்துட்டாரு” என்பது டாக்டருக்கு எவ்வளவோ பயன்படும். ஆனால் அந்த டைரியை அவருக்கு எதிரான சாட்சியாக வீட்டில் வாசித்துக் காட்டாதீர்கள்.

ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் துவண்டு கிடக்கும்போதுதான் அவரை அழைத்துப்போக முடிகிறது. டாக்டர் பார்ப்பதும் அந்த முகத்தைத்தான். அல்வா வாங்கிவந்த மாதத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அது வெறும் மனச்சோர்வு என்று கருதப்பட்டு, மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதப்படலாம். பைபோலார் உள்ளவர்களுக்கு அது தனியாகக் கொடுக்கப்பட்டால் சிலரை நேராக மறு உச்சிக்குத் தூக்கிவிடும்.

கோயிலும் தர்காவும் பற்றி ஒரு வார்த்தை. மாமியார் குணசீலத்துக்குப் போகலாம் என்றால் போய்விட்டு வாருங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம், மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். கட்டிவைக்கிற இடம் எதுவானாலும் அங்கே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். மனநலம் பாதித்தவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை.

காபியில் கலப்பது

இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, ஆனால் பல சமையலறைகளில் நடக்கிறது. மணமில்லாத சொட்டு மருந்து, அல்லது பொடித்த மாத்திரை. காபியில், ரசத்தில், மோரில். செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். சில வீடுகளில் அதனால் ஒரு நெருக்கடி தணிந்ததும் உண்டு. இருந்தும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நடைமுறையைப் பாருங்கள். அவர் பாதிக் காபியைக் குடித்துவிட்டு வைத்துவிடுவார். மீதியை யார் குடித்தது? அன்றைக்கு எவ்வளவு உள்ளே போனது? மருந்து உள்ளே போனது தெரியாமல் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு விருதுநகர் போவார். இத்தகைய மருந்துகள் சிலருக்குக் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும், உடம்பை ஓரிடத்தில் இருக்கவிடாமல் தவிக்கவைக்கும். காரணம் தெரியாமல் அவர் எலும்பு டாக்டரிடம் போவார், அவருக்கும் தெரியாது. லித்தியம் என்றால் பேச்சுக்கே இடமில்லை: ரத்தத்தில் அளவு பார்க்காமல் கொடுக்கவே கூடாத மருந்து அது.

என்றாவது ஒரு நாள் அது வெளியே தெரியும். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும், அல்லது குப்பைத்தொட்டியில் அட்டை கிடக்கும். “எனக்கு மருந்து வச்சுட்டா” என்பது நம் ஊரில் ஒரு பழைய குற்றச்சாட்டு. இடுமருந்து எடுக்கிறேன் என்று பலகை வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் அவருக்கு வந்தால் நோயின் விளைவு என்று ஆறுதல்படலாம். அது உண்மையாகவே இருந்தால்? அதற்குப் பிறகு உங்கள் கையால் சாப்பிட மாட்டார். நீங்கள் சொல்லும் எந்த டாக்டரையும் நம்ப மாட்டார். சட்டமும் நோயாளி விவரம் அறிந்து தரும் சம்மதத்தைத்தான் சிகிச்சைக்கு அடிப்படையாக வைத்திருக்கிறது. ஏற்கெனவே கலந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்; முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். தினமும் விழுங்கப் பிடிக்காதவர்களுக்கு, சம்மதித்தால், சில மருந்துகள் மாதம் ஒரு ஊசியாகவே கிடைக்கின்றன. அது பொருந்துமா என்றும் கேளுங்கள்.

நல்ல நாளில் எழுதிவைப்பது

தெளிவாக இருக்கும் மாதங்களை நாம் நிம்மதியில் வீணாக்கிவிடுகிறோம். பேச வேண்டியதைப் பேசும் காலம் அதுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து, ஏற்றம் தொடங்கும்போது என்னென்ன நடக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். பணத்துக்கு வேலி போடுங்கள்: யுபிஐ உச்சவரம்பைக் குறைப்பது, ஒரு தொகைக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு ராத்திரி தள்ளிப்போடுவது, நிலப் பத்திரமும் நகையும் லாக்கரில். இது அவர் போடும் வேலியாக இருந்தால் நிற்கும். நீங்கள் போட்டதாக இருந்தால் தாண்டுவார்.

இதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2017 சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, வயது வந்த எவரும், பின்னால் முடிவெடுக்கும் நிலையில் இல்லாமல் போனால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 14-ஆம் பிரிவுப்படி தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். இந்த நியமனத்தை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நியமிக்கப்படுபவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவர் தன் தம்பியை எழுதினால் கோபப்படாதீர்கள். “கரண்ட் ஷாக் வேண்டாம், அந்த நடுங்குற மாத்திரை வேண்டாம், என் தம்பியைக் கேட்டுச் செய்யுங்க” என்று எழுத உரிமை கிடைத்த பிறகு சிகிச்சையைப் பற்றியே முதல்தடவையாகப் பொறுமையோடு பேசுகிறவர்களும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்ன பொறுமை எல்லாம் சாதாரண நாட்களுக்கு. சாவைப் பற்றிப் பேசினால், என்றுமில்லாத வாஞ்சையோடு விடைபெறுவது மாதிரி பேசினால், நாட்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், கையில் ஆயுதம் எடுத்தால், யார் சம்மதத்துக்காகவும் நிற்க வேண்டாம்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்பது வீண் பயம். “செத்துடலாம்னு தோணுதாங்க?” என்ற கேள்விக்கு அழுதுகொண்டே ஆமாம் என்று சொன்னவர் தன் பாரத்தைப் பாதி இறக்கிவிட்டார் என்று பொருள். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போகட்டும். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் சேர்த்துவைக்க வேண்டாம்.

108-ஐ அழைத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் 94-ஆம் பிரிவு 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சைக்கு இடம் தருகிறது. அதற்கு, அந்த நேரத்தில் கிடைத்தால், நியமிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்பார்கள். அதற்கு மேல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தால், 89-ஆம் பிரிவுப்படி நியமிக்கப்பட்டவர் விண்ணப்பம் தர, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பார்த்து முடிவு செய்வார்கள், 30 நாள்வரை. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். கடுமையான மன அழுத்தத்தில் செய்தது என்றே 115-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது, தண்டிப்பதில்லை.

அடி விழுகிறது என்றால், அது நோயால் வந்த அடியா குணத்தால் வந்த அடியா என்று ஆராயும் பொறுப்பு உங்களுடையது அல்ல. பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். வெளியே வந்தபிறகும் அவருக்குச் சிகிச்சை கிடைக்க முயலலாம். இரண்டும் முரண் இல்லை.

இதுவரை கணவரை வைத்தே சொன்னேன். மனைவிக்கு என்றால் நம் ஊரில் நடப்பது வேறு: அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், “குணமானதும் அனுப்புங்க” என்று. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இந்த நோய் சீறிக் கிளம்பும். தாய்வீட்டில் இருப்பவர்கள் அதைப் பச்சை உடம்பு, தூக்கமின்மை என்று தள்ளிப்போடுவார்கள். அந்த வாரங்களில் கணவர் அங்கே போய்த் தங்குவது நல்லது. பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களுக்கு வால்ப்ரோயேட் எழுதப்பட்டிருந்தால், கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால், டாக்டரிடம் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகு

ஒத்துக்கொண்டுவிட்டார் என்றால் அடுத்த மறுப்புக்குத் தயாராகுங்கள். நன்றாக இருக்கும்போது வருவது அது: “இப்பதான் சரியாயிடுச்சே, எதுக்கு?”

லித்தியத்தை 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த நோய்க்குப் பயன்படுத்திக் காட்டினார். இன்றும் அதற்கு நிகரான மருந்து அதிகம் இல்லை. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் அதற்குப் பேர் உண்டு. ஆனால் கவனம் கேட்கும் மருந்து. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல்வரை வைக்கப் பார்ப்பார்கள். கடைசி மாத்திரை போட்டுச் சுமார் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் வியர்த்து நீர் வற்றுவது, திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாம் அளவை ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் இரண்டும் அப்படித்தான். கை பலமாக நடுங்கினால், நாக்குக் குழறினால், நடை தள்ளாடினால் அன்றே மருத்துவமனை.

“மாத்திரை போட்டீங்களா?” என்று தினமும் கேட்காதீர்கள். மனைவி காவலாளி ஆகிவிட்டால் மாத்திரையை மறுப்பது அவருக்கு விடுதலை மாதிரி தெரியும். ஏழு நாள் டப்பா ஒன்று வாங்கிக்கொடுத்து அவரையே நிரப்பச் சொல்லுங்கள். நிறுத்திவிடலாமா என்று கேட்கும் நாளில் “கூடாது” என்று சொல்லாமல், “இதை டாக்டர்கிட்டயே கேளுங்க, நானும் இருக்கேன்” என்று சொல்லி, அந்தக் கேள்வியையே அடுத்த சந்திப்புக்குக் காரணமாக்குங்கள். குறைப்பது என்று முடிவானாலும் டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். லித்தியத்தை ஒரே நாளில் நிறுத்தியவர்களுக்கு நோய் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. சந்திப்புத் தேதி காலண்டர் சீசனில் விழாமல் பார்த்து வாங்குங்கள், அந்த மாதம் அவருக்கு நேரமும் இருக்காது, தூக்கமும் இருக்காது.